கடையில் எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, எப்போது? போர்க்கால உணவு அறிவித்தல்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

போர் மூண்டு கப்பல் போக்குவரத்து நின்றால் திருகோணமலைக்கு அரிசியும் மாவும் எந்த வழியால் வரும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாமானைப் பற்றிக் கேட்கவில்லை. சாமானைப் பற்றி யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்ன பிறகும் ஏன் சனம் நம்புவதில்லை என்றே கேட்டிருக்கின்றன. துறைமுகமும் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் கண்ணெதிரே இருக்கிற ஊர். போர்ச் செய்தி வந்தால் இங்கே முதலில் பேசப்படுவது சாப்பாடுதான். உணவு வழங்கல், அனர்த்த முகாமைத்துவம், ஊடகம் ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பதில் தந்திருக்கிறோம். கீழே வரும் குடும்பக் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்த மாதிரிக் கணக்குகள். எந்தப் பிரதேச செயலகத்தின் தரவும் அல்ல.

“தட்டுப்பாடு இல்லை, பயப்பட வேண்டாம் என்று வானொலியில் சொன்னால் அன்று பின்னேரமே என் கடையில் அரிசி முடிந்துவிடுகிறது. ஒன்றும் சொல்லாத நாளில் அப்படி இல்லை. இது என்ன மாயம்?”
– பலசரக்குக் கடை உரிமையாளர், மத்திய வீதி

கணக்கைப் பார்த்தால் மாயம் தெளிந்துவிடும். 10,000 குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர் என்று வைப்போம். ஆளுக்குக் கிழமைக்கு 2 கிலோ அரிசி என்றால் கிழமைக்கு 80 தொன் போகும். நாளுக்குப் பதினொன்றரைத் தொன் அளவில். கடைகளிலும் மொத்த வியாபாரிகளிடமும் பத்து நாளைக்கான இருப்பு, அதாவது 115 தொன், இருக்கிறது. நல்ல இருப்புத்தான். இப்போது ஒவ்வொரு குடும்பமும் வழமையான சாமானோடு 10 கிலோப் பை ஒன்றை மட்டும் கூட எடுக்கிறது. 100 தொன் போய்விட்டது. அன்றைய வழமையான விற்பனையையும் சேர்த்தால் 111 தொன். பின்னேரம் தட்டு வெறுமை.

இதில் யாரும் பதுக்கல்காரர் இல்லை. 10 கிலோ என்பது நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்பது நாள் அரிசி. ஊர் முழுக்க இருந்த அரிசி ஒரு சுண்டுகூடக் குறையவில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. ஆனால் காலியான தட்டைப் படம் எடுத்து ஒருவர் அனுப்பிவிட்டால், மறுநாள் காலையில் வருகிறவர் 10 கிலோவோடு நிற்கமாட்டார், ஒரு மூடை கேட்பார். 10 தொன் லொறி பத்து வந்தால்தான் முதல் நாள் இருந்த நிலைக்குத் திரும்பலாம். அதுவரை அரசு சொன்னது பொய் என்றே ஆகிவிடும்.

அந்த முதல் பையை எடுக்க வைத்தது எது? “தட்டுப்பாடு இல்லை” என்ற வாக்கியத்தில் எண் இல்லை, நாள் இல்லை, இடம் இல்லை. கேட்பவருக்கு அதில் கிடைக்கிற ஒரே தகவல், தட்டுப்பாடு பற்றி அதிகாரிகள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது. அவர் 10 கிலோ வாங்குவது முட்டாள்தனமும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் செய்யக்கூடிய புத்தியான காரியம் அதுதான். “பயப்பட வேண்டாம்” என்று சேர்ப்பது இன்னும் மோசம். அதுவரை பயப்படாதவருக்கும் ஞாபகமூட்டல்.

இரண்டாம் உலகப் போரின்போது வதந்திகளை ஆராய்ந்த ஹார்வர்ட் உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் 1947 இல் ஒரு விதி சொன்னார்கள். வதந்தியின் வேகம் என்பது விஷயத்தின் முக்கியத்துவத்தைத் தெளிவின்மையால் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். சோற்றின் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. தெளிவின்மை ஒன்றுதான் நம் கையில் இருப்பது.

“அப்படியானால் என்னதான் சொல்வது? ஒரு மாதிரி எழுதித் தாருங்கள்.”
– கிராம அலுவலர், தம்பலகாமம்

முதலில் மாதிரி:

“அறிவித்தல் இலக்கம் 7. செவ்வாய், காலை 8 மணி. நமது பிரிவில் உள்ள நாலு சங்கக்கடைகளிலும் நாளை புதன் காலை 8 மணி முதல் வியாழன் மாலை 5 மணி வரை அரிசி வழங்கப்படும். ஆளுக்கு 2 கிலோ 800 கிராம். குழந்தைக்கும் அதே அளவு. பங்கீட்டு அட்டை இலக்கம் 1 முதல் 300 வரை புதன், 301 முதல் 600 வரை வியாழன். அட்டைக்கு உரிய அரிசி இப்போதே கடைக்குள் இறக்கப்பட்டுவிட்டது. வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் அதே அளவு கிடைக்கும். சீனி இந்தக் கிழமை இல்லை; அடுத்த அறிவித்தல் வெள்ளி மாலை 6 மணிக்கு.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. இலக்கம் போட்டால் ஆறாம் அறிவித்தலை யாராவது திரும்பச் சுற்றவிட்டாலும் பழசு என்று தெரியும். ஆளுக்கு எவ்வளவு என்று கிராமில் சொன்னால் வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு வருவார்கள், கடையில் வாக்குவாதம் குறையும். சீனி இல்லை என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். வராத சாமானை மறைத்து அறிவித்தால், வந்த சாமானையும் நம்பமாட்டார்கள். அடுத்த அறிவித்தலின் நேரத்தைச் சொன்னால் அதுவரை பொறுக்க மனம் வரும். அந்த நேரத்துக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் “மாற்றம் இல்லை” என்று சொல்லியே ஆகவேண்டும்.

“இறக்கப்பட்டுவிட்டது” என்ற சொல்தான் உயிர்நாடி. லொறி வந்துகொண்டிருக்கிறது, கப்பல் நாளை வரும் என்பவற்றை அறிவித்தலில் சேர்க்காதீர்கள். பாலத்தில் சோதனை, டயர் வெடிப்பு, ஊரடங்கு, எது வந்தாலும் பழி உங்கள் தலையில். சாமான் கடைக்குள் வரட்டும், கதவைப் பூட்டுங்கள், எண்ணுங்கள், பிறகு வாயைத் திறவுங்கள்.

எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் சீனி, உப்பு என்பது நிவாரண வேலைகளில் பொதுவாக வைக்கும் அளவு. நாளுக்கு 2,100 கலோரி என்பதை நோக்கிப் போடுவது. கிழமைக்கு அரிசி 2.8 கிலோ. நிறுப்பது கரைச்சல், 3 கிலோவாகக் கொடுத்துவிடலாம் என்று கடைசி நேரத்தில் யாராவது தாராளம் காட்டினால், 40,000 பேருக்கு 8 தொன் கூடப் போகும். கிட்டத்தட்ட ஒரு லொறி. வியாழக்கிழமை அட்டைக்காரருக்கு அந்த லொறிதான் இல்லாமல் போவது. 50 கிலோ மூடையை 17 பேருக்கு என்று கணக்கிடுங்கள். 47.6 கிலோ போக மீதி 2.4 கிலோ சிந்தல், சாக்குக் கிழிசல், தராசுப் பிசகுக்கு. 18 பேர் என்று இழுத்தால் மூடைக்கு 400 கிராம் முதலிலேயே பற்றாது.

கடை வாசலில் கரும்பலகை ஒன்று வையுங்கள். காலை இருப்பு, வழங்கியது, மிச்சம் என்று மூன்று வரி. 10 மணி, 1 மணி, 4 மணிக்கு அழித்து எழுத வேண்டும். வரிசையில் நிற்கிறவர் மிச்ச மூடையையும் முன்னால் நிற்கும் தலைகளையும் எண்ணிப் பார்த்துக்கொள்வார். அதைவிட ஆறுதல் எந்த ஒலிபெருக்கியாலும் கொடுக்க முடியாது. ஒருவருக்கு, இரண்டு பேருக்கு, எட்டுப் பேர் வரைக்கும் எத்தனை கிலோ என்ற அட்டவணையும் பக்கத்தில் தொங்க வேண்டும். பெருக்கத் தெரியாதவரை ஏமாற்றுவது சுலபம் என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும்.

“உலகப் போர்க்காலத்தில் இதை நன்றாகச் செய்தவர்கள் யார், கெடுத்தவர்கள் யார்? இலங்கையில் என்ன நடந்தது?”
– மாணவி, கோணேசபுரி

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கும் மேல் இறக்குமதி, அதிலும் பெரும் பங்கு பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பிலும் ஏப்ரல் 9 திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஒரே மாத அளவில் அரிசி வரும் வழியும் போயிற்று, ஊரும் கலைந்தது. அந்த நிலையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. குடிசார் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்க உணவு ஆணையாளர் பொறுப்பையும் பார்த்தார். பங்கீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருகின. இன்றைக்கும் நம் வாயில் இருக்கும் சங்கக்கடை, கூப்பன் என்ற சொற்களுக்குப் பின்னால் அந்தக் காலம் இருக்கிறது. கூப்பன் அரிசியை மக்கள் எவ்வளவு உறுதியான வாக்காக எடுத்துக்கொண்டார்கள் என்பது போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக வேண்டியதாயிற்று.

பிரித்தானியாவில் பங்கீடு 1940 ஜனவரி 8 இல் பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனியோடு தொடங்கியது. ஏப்ரலில் வூல்ட்டன் பிரபு உணவு அமைச்சரானார். கடைத்தெரு வியாபாரத்தில் ஊறியவர். வானொலியில் காலையில் சில நிமிடச் சமையல் நிகழ்ச்சி, பத்திரிகையில் வாராந்த உணவுக் குறிப்பு என்று அவருடைய அமைச்சு செய்த பிரசாரத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் பார்வையில் அது மேல்பூச்சு. உள்ளே இருந்த யந்திரம் வேறு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிய வேண்டும். எத்தனை பேர் பதிந்தார்களோ அத்தனை பேருக்கான சாமான் அந்தக் கடைக்கு வரும். அறிவித்த அளவும் கடையில் இறங்கும் அளவும் ஒரே பதிவேட்டிலிருந்து பிறந்தன. அதனால் வானொலி சொன்னது கடையில் நடந்தது. பாணைப் போர் முடியும்வரை பங்கீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. 1946 ஜூலையில்தான் கொண்டுவந்தார்கள். வயிற்றை நிரப்ப ஒரு பொருளாவது தடையில்லாமல் கிடைத்தால் மற்றவற்றின் குறையைச் சனம் தாங்கும் என்ற கணக்கு அது.

கெடுத்தது 1943 வங்காளம். பர்மா அரிசி நின்றது, 1942 ஒக்டோபரில் புயல் அடித்தது, ஜப்பானியர் கைக்குப் போய்விடக்கூடாது என்று கரையோரப் படகுகளையும் அரிசியையும் அரசே அகற்றியது, விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நேரத்தில் மாகாண அரசின் பேச்சு என்னவென்றால், போதிய அரிசி இருக்கிறது, பதுக்கல்தான் காரணம் என்பது. 1943 ஜூனில் வீடு வீடாகப் பதுக்கல் தேடும் பெரிய இயக்கம் நடத்தினார்கள். கல்கத்தாவையும் ஹவுராவையும் விட்டுவிட்டுத் தேடினார்கள்; எதிர்பார்த்த குவியல் கிடைக்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்றால் சரக்கே இல்லை என்றுதானே பொருள்? விலை இறங்கவில்லை. பஞ்சச் சட்டக்கோவை என்று ஒன்று இருந்தது; பஞ்சம் என்று அறிவித்தால் அரசு நிவாரணம் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே அறிவிக்கவில்லை. ஓகஸ்ட் 22 இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை, அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் துணிந்ததால், கல்கத்தாத் தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டது. அதன் பிறகுதான் டில்லியிலும் லண்டனிலும் அசைவு. இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர்வரை இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன.

“பங்கீடு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது நேர்மையா, திடீரென்று சொல்வது நல்லதா?”
– கூட்டுறவுச் சங்க முகாமையாளர், மூதூர்

சாமான் வாங்குவதற்கான பங்கீடு என்றால் அன்றே சொல்லி அன்றே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் கோப்பிக்குப் பங்கீடு என்று 1942 ஒக்டோபர் கடைசியில் அறிவித்து, நவம்பர் 29 இல் நடைமுறைப்படுத்தினார்கள். இடையில் ஒரு மாதம். யாருக்குக் காசு இருந்ததோ அவர்கள் அந்த மாதத்தில் அள்ளிவிட்டார்கள். பிரித்தானியா 1941 ஜூன் 1 இல் துணிப் பங்கீட்டை அறிவித்த விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டியிருந்த நாள். அன்றிலிருந்தே அமுல். புதிய கூப்பன் அச்சடித்தால் விஷயம் கசிந்துவிடும் என்று, கையில் ஏற்கெனவே இருந்த உணவுப் புத்தகத்தின் மார்ஜரின் கூப்பன்களையே துணிக்குச் செல்லும் என்றார்கள்.

ஆனால் பதிவு செய்வதை மட்டும் எவ்வளவு முன்னால் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அட்டை, குடும்ப எண்ணிக்கை, எந்தக் கடை என்பதெல்லாம் சமாதான காலத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. “பதிவைப் புதுப்பிக்கிறோம்” என்பதில் யாரும் அரிசி வாங்க ஓடமாட்டார்கள். பதிவுக்கும் வழங்கலுக்கும் நேரம் வைக்கும்போது ஊரின் வழக்கத்தைப் பாருங்கள். வலை வீசப் போகிறவர்கள் விடியற்காலையில் கரைக்கு வந்து பத்து மணிக்குத் தூங்குவார்கள். கிண்ணியா, மூதூரில் வெள்ளி மதியம் ஜும்ஆ. காலை எட்டு முதல் பன்னிரண்டு மட்டும் என்று நேரம் வைத்தால் ஒரு தெருவே தவறிப்போய், தங்களுக்குத் தரவில்லை என்று கதை பிறக்கும். நேரம் பிழைத்தால்கூட அது இனப் பாகுபாடாகப் பேசப்படுகிற மாவட்டம் இது.

“சீனன்குடா மா ஆலை பூட்டிவிட்டார்கள், நாளை முதல் பாண் இல்லை என்று ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் வந்தால் எங்கள் குழுவில் என்ன செய்வது?”
– இளைஞர் கழகச் செயலாளர், உப்புவெளி

குரல்பதிவை முன்னோக்கி அனுப்பி “இது உண்மையா?” என்று கேட்காதீர்கள். கேள்விக்குறியை யாரும் கேட்கமாட்டார்கள், குரலைத்தான் கேட்பார்கள்.

முதலில் இரண்டு இடத்தில் விசாரியுங்கள்: மாவை வாங்குகிற பேக்கரி ஒன்றில், பிரதேச செயலகத்தில். “நாளைக்கு மா கையில் இருக்கிறதா, எத்தனை மூடை?” என்று கேளுங்கள். ஆலை ஓடுகிறதா என்று பேக்கரிக்காரரைக் கேட்டால் அவருக்கும் கேள்விப்பட்டதுதான் தெரியும். பிறகு பதிலை உண்மையிலிருந்து தொடங்குங்கள். “உப்புவெளியில் மூன்று பேக்கரியும் நாளை காலை 5 மணிக்கு வழமைபோல் பாண் போடும். இன்று இரவு 8 மணிக்குக் கேட்டு உறுதிசெய்தது.” அதற்குப் பிறகு ஒரு வரியில், “ஆலை பூட்டிவிட்டது என்ற குரல்பதிவு உறுதிப்படுத்தப்படவில்லை.” திரும்பவும் பாண் பற்றிய வரி. பொய்யைத் தலைப்பாகப் போட்டுப் பெரிய சிவப்புக் குறுக்குக் கோடு அடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். அதை அரைக்கண்ணால் பார்த்தவருக்கு நினைவில் நிற்பது பொய் மட்டும்.

1942 இல் பொஸ்டன் ஹெரால்ட் என்ற பத்திரிகை ஊரில் ஓடும் வதந்திகளை எடுத்து உடைக்கும் பகுதி ஒன்றை நடத்தியது. நல்ல முயற்சி, மற்றப் பத்திரிகைகளும் பின்பற்றின. அதன்மேல் வந்த குற்றச்சாட்டும் இதுவே: கேள்விப்படாதவருக்கும் வதந்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது. எனவே தெரு அளவில் சுற்றுகிற கதைக்கு மாவட்ட அளவில் மறுப்பு விடாதீர்கள். எந்தக் குழுவில் வந்ததோ அந்தக் குழுவில் முடியுங்கள்.

படமாக அனுப்பும் அறிவித்தலில் திகதியை மேல் ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில், அளவு எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். “வெள்ளி மாலை 6 மணி வரை மட்டும் செல்லும்” என்று முடிவுத் திகதியும் வேண்டும். குரல்பதிவு என்றால் 30 விநாடிக்கு மேல் வேண்டாம். பேசுகிறவர் ஊருக்குத் தெரிந்த குரலாக இருக்கட்டும்.

ஆலை உண்மையிலேயே நின்றிருந்தால்? மறைக்காதீர்கள். நின்றுவிட்டது, பேக்கரிகளில் இத்தனை நாளைக்கு மா இருக்கிறது, அதற்குள் அரிசி மாவோ வேறு வழியோ இன்ன ஏற்பாடு என்று சொல்லுங்கள். ஏற்பாடு இன்னும் ஆகவில்லை என்றால் எப்போது தெரியவரும் என்று சொல்லுங்கள்.

“உவர்மலையில் நின்றால் துறைமுகத்துக்குள் என்ன கப்பல் நிற்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதில் இரகசியம் என்ன வேண்டிக் கிடக்கிறது?”
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்

கப்பல் நிற்பது தெரியும். அது யாருக்கான சாமான் என்பது தெரியாது, சிக்கல் அங்கேதான். தரைப்பாதை பூட்டியிருந்த காலங்களில் யாழ்ப்பாணத்துக்கான சாமான்கள் இந்தத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறின. மூடை ஏற்றுவதைப் பார்க்கிறவர், “எங்கள் அரிசி போகிறது” என்றுதான் வாசிப்பார். ஆகவே கடந்து போகும் சரக்கு வேறு, மாவட்டத்துக்கான சரக்கு வேறு என்பதை ஏற்றத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும்.

மறைக்க வேண்டியவை உண்டு: லொறி போகும் பாதை, புறப்படும் நேரம், களஞ்சியம் இருக்கும் இடம், கப்பல் வரும் நாள். இவை எதிரிக்கும் கொள்ளைக்காரருக்கும் உதவும். அரிசி வாங்க வரும் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தேவை எந்தக் கடை, எந்த நாள், எத்தனை கிலோ. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் பாதுகாப்புத் தரப்போடு சண்டையும் குறையும்.

“சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று வருகிறதே?”
– ஆசிரியர், கிண்ணியா

மொழிபெயர்ப்பால் வருகிற வினை. முதலில் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, கையொப்பம் வைத்து, அதைப் பார்த்து இரண்டு மொழியிலும் நேரடியாக எழுத வேண்டும். ஒன்றை எழுதி முடித்துவிட்டு மற்றதற்குக் கொண்டுபோனால், திருத்தம் ஒன்றில் ஏறும், மற்றதில் ஏறாது. இரண்டும் ஒரே நிமிடத்தில் வெளியே போக வேண்டும். ஒரு மணித்தியாலம் பிந்தினால், பிந்திக் கேட்டவர்கள் வரிசையின் பின்பக்கம் நிற்பார்கள். அந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லி யாராலும் மாளாது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று ஒலிபெருக்கி உள்ள இடங்களுக்கெல்லாம் ஒரே தாள் போகட்டும். வாசிப்பவர் தன் சொந்த விளக்கம் சேர்க்கக்கூடாது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

“மக்கள் மனம் தளராமல் இருக்க எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னால் என்ன? போரில் எல்லோரும் செய்வதுதானே?”
– வாசகர், சம்பூர்

கரட் கதையைச் சொல்வார்கள். இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு விழுத்திய பிரித்தானிய விமானிகள் கரட் நிறையச் சாப்பிட்டதால் கண் தெளிந்தது என்று பரப்பினார்கள். உண்மையில் விமானத்தில் ராடர் இருந்தது. அந்தப் பொய்யால் யாருடைய தட்டிலும் ஒன்றும் குறையவில்லை. கரட் தாராளமாக விளைந்தது, தின்பவருக்குக் கேடும் இல்லை. அது விமானத்தைப் பற்றிய பொய், உணவின் அளவைப் பற்றியது அல்ல.

அளவில் சொல்லும் பொய் வேறு சாதி. 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்தவர்களின் தொகையை அரசு மிகக் குறைத்துச் சொன்னது; களத்தில் இருந்த அதிகாரிகள் கொடுத்த எண்ணிக்கை பல மடங்கு. உணவும் மருந்தும் போனது குறைந்த எண்ணுக்கு ஏற்ப. மே மாதத்துக்குப் பிறகு முகாம்களில் எண்ணியபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் இதைப் பதிந்திருக்கிறது. தலை எண்ணிக்கை ஒரு பிரசார எண் ஆகிவிட்டால் மூடை எண்ணிக்கையும் அதோடு போய்விடும். வாய்ப்பேச்சுக்கு ஓர் எண், களஞ்சியத்துக்கு ஓர் எண் என்று இரண்டைப் பேணலாம் என்பவர்கள் கொஞ்ச நாளில் எது எது என்று தாங்களே மறந்துவிடுவார்கள்.

“பதுக்குகிறவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தால் மற்றவர்கள் அடங்குவார்கள் அல்லவா?”
– மூன்று வாசகர்கள்

வேண்டாம். கடை எரியும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்கலுக்கும், இருக்கிற சாமானை விற்க மறுப்பதற்கும் தண்டனை வைத்திருக்கிறது. முறைப்பாடு அங்கே போகட்டும். ஒலிபெருக்கியில் விலைப்பட்டியலை வாசியுங்கள்.

“பால்மா தட்டுப்பாட்டுக்கு என்ன அறிவிப்பது?”
– இளம் தாய், நிலாவெளி

தேநீருக்கான பால்மாவையும் குழந்தைப் பால்மாவையும் ஒரே அறிவித்தலில் போடவே கூடாது. குழந்தைப் பால்மாவை வரிசையில் எல்லோருக்கும் வழங்குவது ஆபத்து. சுத்தமான தண்ணீரும் போத்தல் அவிக்க விறகும் இல்லாத இடத்தில் வயிற்றோட்டம் குழந்தையைக் கொண்டுபோய்விடும். தாய்ப்பால் கொடுக்கிறவர் தொடரட்டும். கொடுக்க இயலாதவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் கொடுக்கட்டும் என்பதுதான் அறிவித்தல். பாலூட்டும் தாய்க்கு மேலதிகப் பருப்பு, எண்ணெய் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

“அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா தந்தால் சனம் வாங்கி வித்துவிடும் என்கிறார்கள். அதற்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?”
– மாதர் சங்கத் தலைவி, குச்சவெளி

புரியவைக்க வேண்டியது சமையல். மூன்று விஷயம் தாளில் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ மா, அதை எப்படிச் சமைப்பது, அரிசி திரும்ப எப்போது. முதலாவது சுலபம், நிறைக்கு நிறை சக்தி ஏறக்குறைய ஒன்று, ஆகவே கிலோவுக்குக் கிலோ. “பதிலீடாக மா வழங்கப்படும்” என்று மொட்டையாக அறிவித்தால் ஏமாற்று என்று நினைப்பார்கள்.

இரண்டாவதைச் சரியாக எழுதுங்கள். பச்சைக் கோதுமை மாவில் புட்டுக் குழைத்தால் களியாகிவிடும். ஒரு கிலோ மாவை வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, நீராவியில் முக்கால் மணித்தியாலம் அவிக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நடு மா வேகாது. இறக்கியதும் சூட்டோடு கட்டி உடைத்து அரிதட்டில் அரிக்க வேண்டும். ஆறவிட்டால் கட்டி கல்லாகும். அரித்த மா நன்றாக ஆறிய பிறகு மூடி போட்ட பேணியில் வைத்தால் சில நாளைக்கு இருக்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம். அதில் உப்பும் சுடுதண்ணீரும் விட்டுப் புட்டு, இடியப்பம். விறகு இல்லாத வீட்டுக்கு அவிக்கத் தேவையில்லாத ரொட்டி: பச்சை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். தேங்காய் கிடைக்காத இடத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லுங்கள்.

முழுக் கோதுமையாக வந்தால் நிலைமை வேறு. அரைக்க ஆலை இருக்கிறதா, ஓடுவதற்கு மின்சாரம் அல்லது டீசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அறிவிக்க வேண்டும். பருப்பும் அப்படித்தான். மைசூர்ப் பருப்பு கால் மணித்தியாலத்தில் வேகும்; முழுப் பயறு என்றால் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் விறகு இரண்டு மடங்கு. “இரவு ஊறவிடவும்” என்ற இரண்டு சொல்லை வழங்கும் நாளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயறைக் கையில் கொடுக்கும்போது சொன்னால் அன்றிரவு அந்த வீட்டில் கறி இல்லை.

தாள் அச்சடிக்க வசதி இல்லையென்றால், மா வழங்கும் இடத்திலேயே ஓர் அடுப்பு மூட்டி, வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க அவித்துக் காட்டுங்கள். உங்கள் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் போதும். வழங்கும் மாவிலேயே செய்ய வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுபோன மாவில் செய்தால் சனம் கண்டுபிடித்துவிடும்.